ரூஸ்கா கண்ணடித்ததா?

"கெய்யோ அவர்களே, உங்கள் அறிவுக்கு முன்னால் நாங்களெல்லாம் எந்த மூலைக்கு?" என்று கெய்யோவைப் புகழ்ந்து எழுதியவர் கெய்யோவேதான். அதில் புதுமை ஒன்றும் இல்லை. இரண்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஆனால் வழக்கமாக 'ஆந்தை' என்ற பெயரில் எழுதுவார். அன்றைக்கு அந்த இணைய மன்றத்தில் பெயரை மாற்ற மறந்து, சொந்தப் பெயரிலேயே அனுப்பித் தொலைத்துவிட்டார்.

அழிப்பதற்குள் மன்றத்தில் அவருடைய பரம எதிரியான ரிஸ்தோ பார்த்துவிட்டார்.

"எல்லாரும் ஓடி வாங்க! ஒரு மனுஷன் தன் கழுத்துல தானே மாலை போட்டுக்கறான்!" என்று எழுதினார்.

அதன் கீழே 'நரி' விழுந்து விழுந்து சிரிக்கிற படம் ஒன்றைப் போட்டது. நரி எப்போதும் ரிஸ்தோ கட்சி.

இவ்வளவுக்கும் சண்டை ஒரு ரோபோவைப் பற்றி. நாற்பது வருடத்துக்கு முன்னால் ஃபின்லாந்துத் தொலைக்காட்சியில் 'செந்நிலா நிலையம்' என்று ஒரு தொடர் வந்தது. அதன் கடைசிக் காட்சியில் கேப்டன் கிளம்பிப் போவாள். வாசலில் நிற்கும் ரூஸ்கா என்ற ரோபோவின் இடது கண் ஒருமுறை அணைந்து எரியும். அது கண்ணடித்தது, அதற்கு உயிர் வந்துவிட்டது என்பது கெய்யோவின் கட்சி. வீடியோ கேசட்டில் நாடா மடிந்துபோனதால் வந்த கோளாறு என்பது ரிஸ்தோவின் கட்சி. நாலு வருடமாக இணையத்தில் இதே பஞ்சாயத்து. ஓய்ந்துபோகிற மாதிரி தெரிந்தால் 'அணில்' என்று ஒருவர் வந்து, "அப்போ கேப்டனுக்கு அது தெரியுமா?" என்று ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போவார்.

கெய்யோ மூளையைக் கசக்கிப் பதில் எழுதினார். "ஆந்தை என் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய கணினி கெட்டுவிட்டது. என் வீட்டுக்கு வந்து, என் கணினியில் எழுதினார்."

மறுநாள் மன்றத்தை நடத்தும் டெல்லர்வோ அம்மாளின் அறிவிப்பு வந்தது. அவர் எழுதுவதே அபூர்வம்.

"இங்கே உண்மையில் எத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை என் ஏரிக்கரைக் குடிலுக்கு வாருங்கள். ஐந்து பேராவது நேரில் வந்தால் மன்றம் இருக்கும். இல்லையென்றால் மூடிவிடுகிறேன். கெய்யோ, ஆந்தையை அவசியம் அழைத்து வரவும்."

கெய்யோ அறிவிப்பை மூன்று தடவை படித்தார். தம்பெரே நகரில், காது கேட்கும் கருவி பழுது பார்க்கும் கடையில் அவருக்கு வேலை. பகல் முழுவதும் மற்றவர்கள் காதைச் சரிசெய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அவர் பேச்சைக் கேட்க ஒரு காது இல்லை. விவாகரத்துக்குப் பிறகு அவரிடம் "நீ சொல்றது தப்பு" என்று சொல்வதற்கு மிச்சமிருந்த ஒரே ஆள் ரிஸ்தோதான். மன்றம் போனால் அதுவும் போச்சு.

ஆகவே ஓர் ஆந்தை வேண்டும். பக்கத்து வீட்டு ஆந்தை.

பக்கத்து வீட்டில் தூரே என்று ஒருவன் இருந்தான். டிராம் ஓட்டுகிறவன், கட்டைப் பிரம்மச்சாரி. ஆறு வருடமாக அடுத்தடுத்த கதவு. ஒரு வார்த்தை பேசியதில்லை. விரோதம் இல்லை, மரியாதை. வெளியே கிளம்பும்போது கெய்யோ கதவிலுள்ள கண்ணாடித் துளை வழியாகப் பார்ப்பார். தூரே நடையில் இருந்தால், அவன் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தூரேயும் அப்படியே. அந்தக் கட்டடத்தில் எல்லோருமே அப்படித்தான்.

அந்தக் கதவைத்தான் கெய்யோ தட்டினார். உள்ளே காலடிச் சத்தம் வந்து, துளைக்குப் பின்னால் நின்றது.

"தண்ணி ஒழுகுதா?" என்று குரல் மட்டும் வந்தது.

"இல்லப்பா."

"தீ கீ புடிச்சிருச்சா?"

"இல்ல."

"பின்ன எதுக்குங்க கதவைத் தட்டறீங்க?"

கெய்யோ மூடிய கதவைப் பார்த்தபடியே கதை முழுவதையும் சொன்னார். பாதிக் கதையில் கதவு திறந்தது.

"அண்ணே, நான் அந்தத் தொடரைப் பாத்ததே இல்லையே."

"பாத்துரு. கேசட் தர்றேன்."

"கேசட்டா? அதை எதுலண்ணே போடறது?"

"பெட்டியும் தர்றேன்."

தூரே மோவாயைச் சொறிந்தான். "எனக்கு என்ன தருவீங்க?"

"என்ன வேணும், கேளு."

"சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி."

கெய்யோ சுவரைப் பிடித்துக்கொண்டார். கட்டடத்தின் கீழே எல்லோருக்கும் பொதுவாக ஒரு சவுனா, அதாவது ஆவிக் குளியல் அறை, வாரத்தில் வீட்டுக்கு ஒரு மணி நேரம். சனிக்கிழமை ஆறு மணி என்பது யாராவது செத்தால்தான் கிடைக்கும். விவாகரத்தின்போது சோபாவை விட்டுக்கொடுத்தார், நாயை விட்டுக்கொடுத்தார், அந்த ஆறு மணியை மட்டும் விடவில்லை.

"சரி, எடுத்துக்க," என்றார்.

தூரே யோக்கியன். வாங்கிய கூலிக்கு உட்கார்ந்து தொடர் முழுவதையும் பார்த்தான். ஆனால் ஆந்தை இரண்டு வருடமாக எழுதித் தள்ளியதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. கேப்டன் பெயரைக் கேட்டால் சமையல்காரன் பெயரைச் சொன்னான்.

"பரவால்ல, கையில எழுதிக்க," என்றார் கெய்யோ. "முழுக்கைச் சட்டை போட்டுக்க. யாராவது கேட்டா, சொறியற மாதிரி நைசா தூக்கிப் பாத்துக்க."

மணிக்கட்டிலிருந்து தோள்பட்டை வரை கறுப்பு மையில் பொடிப்பொடியாக எழுதிக்கொண்டு தூரே காரில் ஏறினான். திட்டத்தில் ஓட்டையே இல்லை என்று கெய்யோ வழியெல்லாம் மெச்சிக்கொண்டார்.

ஓட்டை ஏரிக்கரையில் புகைந்துகொண்டிருந்தது. தண்ணீரை ஒட்டி ஒரு மரக்கூடம், அதன் கூரையில் புகைபோக்கி. சவுனா! கோடையில், ஏரிக்கரைக் குடிலில், சனிக்கிழமையில் என்ன இருக்கும் என்று ஃபின்லாந்தில் பால்குடி மறக்காத குழந்தைக்குக்கூடத் தெரியும். கல்யாண வீட்டுக்குப் போகிறவன் பந்தி இருப்பதை மறந்ததுபோல, ரோபோ நினைப்பில் கெய்யோ அதைச் சுத்தமாக மறந்திருந்தார்.

"அண்ணே," என்றான் தூரே மெதுவாக, "சட்டையைக் கழட்டணுமேண்ணே."

"ஐயையோ! குளிக்க வேணாம்னு சொல்லிடுவோம். பேசிட்டுக் கிளம்பிடுவோம்."

குடில் வாசலில் குட்டையாக, சிவந்த முகத்தோடு ஓர் அம்மாள் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார். கனல் அனலடித்தும், ஸ்வெட்டர் கையை விரல் வரை இழுத்துவிட்டிருந்தார். விறகுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கார் நின்றது. அதன் கண்ணாடியெல்லாம் உள்ளேயிருந்து ஆவி படிந்து வெளுத்திருந்தது. ரிஸ்தோ முன்னமே வந்திருந்தார். ஒல்லியாக, உயரமாக, கெய்யோ மனத்தில் நினைத்து வைத்திருந்த வில்லனுக்குச் சம்பந்தமே இல்லாத சாதுவான முகம். கூடவே கொழுகொழுவென்று ஓர் இளைஞன். அவன்தான் நரியாம்.

"நீங்கதான் டெல்லர்வோ அம்மாவா? மன்றத்தைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்று ஆரம்பித்தார் கெய்யோ.

"மன்றமா?" அந்த அம்மாள் திடுக்கிட்டார். "அதெல்லாம் அப்புறம். முதல்ல சவுனா. கல்லெல்லாம் காஞ்சு கெடக்கு. போங்க, போங்க!"

"எங்களுக்கு வேணாம்மா, சளி புடிச்சிருக்கு," என்றார் கெய்யோ.

"ஆமாம்மா, எங்களுக்கும் லேசா காய்ச்சல்," என்றார் ரிஸ்தோ, கேட்காமலேயே.

"என் சவுனாவை வேணாம்னு சொல்லிட்டு என் சாசேஜை எவன் திங்கறான்னு பாக்கறேன்!"

அதற்குமேல் யாரால் என்ன சொல்ல முடியும்? நாலு பேரும் உள்ளே போனார்கள். கெய்யோ உடை மாற்றும் அறையின் விளக்கை அணைத்தார். தூரே கையில் துண்டைச் சுற்றிக்கொண்டான். மேல் படியில் மூலையோரம் இருட்டில் போய் ஒடுங்கினான். நரியும் இடுப்பிலிருந்து முழங்கால் வரை பெரிய துண்டைச் சுற்றிக்கொண்டு எதிர் மூலைக்குப் போய்விட்டது. ரிஸ்தோ ஒரு கரண்டித் தண்ணீரை அள்ளி, அடுப்பின் மேல் காய்ந்துகொண்டிருந்த கல்லில் ஊற்றினார். ஆவி புஸ்ஸென்று கிளம்பிக் காதைச் சுட்டது.

"ஆமா ஆந்தையாரே," என்றார் ரிஸ்தோ, தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "ரூஸ்கா கண்ணடிச்சதுக்கு மூணு ஆதாரம் இருக்குன்னு எழுதுனீங்களே. ரெண்டாவது எது?"

தூரே துண்டை விலக்கி, கையைச் சொறிகிற மாதிரி தூக்கினான். பார்த்தான். கண்ணைச் சுருக்கி மறுபடி பார்த்தான். கை முழுவதும் கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது. இரண்டாவது ஆதாரம் முழங்கையிலிருந்து சொட்டிக் கெய்யோவின் வழுக்கையில் விழுந்தது.

"ரெண்டாவது... அது... ஒழுகிருச்சுங்க," என்றான் அவன்.

கெய்யோவுக்கு அந்த அடுப்புக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. தலையைக் குனிந்தார். அப்போதுதான் எதிர் மூலையிலிருந்து படி வழியாக நீலமாக ஏதோ இறங்கி வருவதைப் பார்த்தார். அது நரியின் தொடையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"ரிஸ்தோ," என்றார் கெய்யோ. "உங்க நரிக்குச் சாயம் வெளுக்குது."

ரிஸ்தோ நீளமாக மூச்சு விட்டார். "என் மச்சான். பேரு ஒன்னி. வரமாட்டேன்னான். என் படகைக் குடுத்துக் கூட்டிட்டு வந்தேன்."

"படகையா!"

"நீங்க?"

"சனிக்கிழமை ஆறு மணி."

ரிஸ்தோ எழுந்து நின்றுவிட்டார். "அடப்பாவி மனுஷா! ஒரு ரோபோவுக்காக ஆறு மணியையா?"

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. சிரிப்பு ஓயும்போது கெய்யோவுக்குச் சுருக்கென்றது. "அப்படின்னா நாலு வருஷமா நாம ரெண்டே பேர்தானா அங்க?"

"அணில் இருக்கே."

"அணிலை எங்க காணோம்? மூணு பேரை வெச்சுக்கிட்டு அந்தம்மா மன்றம் நடத்துமா?"

"மூடிருவாங்க," என்றார் ரிஸ்தோ. "எனக்கு ராத்திரி சாப்பாடே உங்களைத் திட்டுனாத்தான் இறங்குது."

"ஒரு நிமிஷம்," என்று குறுக்கிட்டான் தூரே. "எனக்கு ஒரு சந்தேகம்ணே. அது கண்ணடிக்கல. நாடாதான் மடிஞ்சிருக்கு. அந்த இடத்துல பெட்டி கிர்ருனுது. நானே மூணு தடவை போட்டுப் பாத்தேன்."

"யோவ், நீ என் கட்சிய்யா!" என்று அலறினார் கெய்யோ.

"என்னங்க பேசறீங்க?" ஒன்னி எதிர் மூலையிலிருந்து பாய்ந்தான். "கண்ணு அணையறப்ப தலையும் லேசா சாயுதுல்ல? நாடா மடிஞ்சா தலை சாயுமா? அது கண்ணடிச்சதுதான். மாமாவுக்குப் பயந்து இத்தனை நாள் சொல்லல."

தலை சாய்கிறதா? நாலு வருடமாகக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்த கெய்யோ தலையைப் பார்க்கவில்லை. அவருக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது. வியர்வை என்று துடைத்துக்கொண்டார். தூரேயும் ஒன்னியும் ஒருவரையொருவர் "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டபடியே போய் ஏரியில் குதித்தார்கள். தண்ணீருக்குள்ளிருந்தும் சண்டை கேட்டது. அப்படியொரு இனிமையான சத்தத்தைக் கெய்யோ பல வருடமாகக் கேட்டதில்லை.

"இப்ப நாலு பேர்," என்றார் ரிஸ்தோ. "நிஜமான நாலு."

"இன்னும் ஒண்ணு வேணுமே."

"இனிமே பொய் வேணாம். போய் உண்மையைச் சொல்லிடுவோம்."

துவட்டிக்கொண்டு நாலு பேரும் சாசேஜ் சுடும் அம்மாள் முன்னால் போய், பிரம்படிக்கு வந்த பள்ளிப் பையன்கள் மாதிரி வரிசையாக நின்றார்கள். கெய்யோ எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஆந்தை பொய், நரி பொய், ஆனால் இந்த இரண்டு பேரும் இன்றுமுதல் நிஜமாகவே சேர்கிறார்கள்.

"ஒரு ஆள் குறையுதுதான்," என்றார். "அதுக்காக மூடிடாதீங்கம்மா. எனக்கு வேற யாரும் இல்ல. இவரோட சண்டை போடறதுக்காகத்தான் நான் வேலை முடிஞ்சு வீட்டுக்கே போறேன்."

ரிஸ்தோ கெய்யோவின் தோளில் கையை வைத்தார். ஃபின்லாந்தில் அது கட்டிப்பிடித்து அழுவதற்குச் சமம்.

அந்த அம்மாள் இடுக்கியைக் கீழே வைத்தார். விறகுக் கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு ஸ்வெட்டர் கையை முழங்கை வரை சுருட்டினார். கை நெடுக மையில் பொடிப்பொடியாக எழுத்து. அதைத் தூரமாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"'மூடறதுக்குக் கூப்பிடல, உங்க முகத்தைப் பாக்கத்தான் கூப்பிட்டேன், அணிலும் நான்தான்'னு சொல்லணுமாம், ஆனா கூச்சப்பட்டுக்கிட்டுக் காலையிலேர்ந்து அந்தச் சிவப்புக் கார்ல பதுங்கியிருக்கற டெல்லர்வோவை நீங்களே போய்க் கூட்டிட்டு வந்துருங்கப்பா, நான் பக்கத்துக் குடில்காரி."