மக்கள் பங்கேற்பும் கெலவரப்பள்ளி வெயிலும்

கொர்ர்ர் என்று தலைக்கு மேல் டிரோன் ஒன்று எழும்பியது. அந்தக் கணமே ஓசூர் வட்டாரத்தில் மருத்துவ ஏற்றத்தாழ்வு ஒழியத் தொடங்கிவிட்டது. வரலாறு இதை மறக்காது. வீடியோ எடுத்திருக்கிறார்கள்.

கெலவரப்பள்ளி அணைப் பூங்காவில், உச்சி வெயிலில், மருத்துவ ஏற்றத்தாழ்வை ஆராயும் திட்டமொன்றின் 'லூபஸ் ஆய்வில் மக்கள் பங்கேற்பு' விழா. லூபஸ் என்பது உடம்பின் காவல்படை உடம்பையே அடித்து நொறுக்கும் நோய். வெயில் அதற்கு ஆகவே ஆகாது. ஆகையால் நோயாளிகளுக்கு வெட்டவெளியில் நாற்காலி போட்டார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஐந்து டாக்டர்களுக்குப் பந்தல்.

கம்பெனியில் வண்டி ஒயரிங் வேலை பார்க்கும் ரூபி இன்று 'மக்கள் பிரதிநிதி'. பனியனில் 'நாங்களும் ஆய்வாளர்களே' என்று எழுதியிருந்தது. பனியனுக்குக் கீழே, ஒரு வாரமாக வீங்கிய கால்கள். நோய் சிறுநீரகத்துக்குள் இறங்கிவிட்டதோ என்று அவளுக்குப் பயம். பெங்களூர் போக லீவு கிடைக்கவில்லை. டாக்டர்களே வருகிறார்கள் என்றதும் மாத்திரைப் பையோடு ஓடிவந்துவிட்டாள்.

"தம்பி, நெழல்ல உக்காந்துக்கறோமே?" என்றாள், திட்ட ஒருங்கிணைப்பாளர் பிரேம்குமாரிடம்.

"மரத்தடியில உக்காந்தா டிரோனுக்கு மக்களே தெரிய மாட்டாங்கக்கா."

பக்கத்து நாற்காலியில் தளியிலிருந்து வந்த விவசாயி திம்மராயன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். அவருக்கும் இதே நோய். "பாதி கொறஞ்சிருந்துச்சும்மா. மீட்டிங் முடியறதுக்குள்ள முழுசா வந்துரும்."

"துண்ட எடுங்கண்ணா, மூஞ்சி மறைக்குது!"

ரூபியின் கன்னங்கள் சிவந்து தடித்தன.

"சூப்பர்க்கா! நோய் பளிச்சுனு தெரியுது" என்றார் பிரேம்குமார், உண்மையான பரிவோடு.

'மக்கள் குரலுக்குச் செவிமடுப்பது எப்படி' என்று மக்களிடமே முக்கால் மணி நேரம் பேசினார்கள். பிறகு மைக் ரூபியிடம் வந்தது. உங்களுக்குச் சிகிச்சை ஏன் தாமதமாகிறது, சொல்லுங்கள்!

"பாக்க ஆள் இல்லீங்க. இன்னிக்கு அஞ்சு பேரு வந்திருக்கீங்க. காலு வீங்கிக் கெடக்குது. ஒரு தடவ பாத்துருங்களேன்."

பந்தலில் திட்டக் கோப்பைப் புரட்டினார்கள். மூன்றாண்டு ஆய்வுத் திட்டத்தில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. ஐவரில் டாக்டர் ராஜலட்சுமி மட்டும், பழக்க தோஷம், ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

பிரேம்குமார் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"ஐயோ மேடம், பாத்துறாதீங்க! இவங்களுக்கு இங்கயே வைத்தியம் கெடச்சிட்டா, மிச்ச ரெண்டு வருசம் நாம எந்த ஏற்றத்தாழ்வ ஆராய்ச்சி பண்றது?"