கொட்டகையில் ஒரு கை

சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து மாஸ்டர் ஒரு சபதம் செய்தார்.

"அந்தக் கொட்டகை மேல கை வைக்கிறதா இருந்தா, அது என் கையாத்தான் இருக்கணும். வேற யாரோட கையும் படக்கூடாது."

"சரிங்க" என்றாள் மனைவி. அவள் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். வீட்டு ஸ்டியரிங் மட்டும் அவர் கையில் இல்லை. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவருக்கு மிச்சமிருந்தது கொல்லைப்புறத்துக் கொட்டகை ஒன்றுதான். தகரக் கூரை, பலகைச் சுவர், முன்னால் இரண்டு மரக்கால்கள். உள்ளே தேய்ந்த டயர்கள், விரிசல் விட்ட கண்ணாடிகள், மதியம் சாய்ந்து கண்ணயர ஒரு பழைய கார் சீட். அந்தக் கொட்டகை அடுக்களை ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. பட்டப்பகலில் விளக்குப் போட்டு வெங்காயம் நறுக்க வேண்டியிருக்கிறது என்பது அவள் வழக்கு. மனுஷனுக்கு ஒரு மூலை வேண்டாமா என்பது அவர் வழக்கு. இரண்டுமே நியாயம். அதனால்தான் தீரவில்லை.

அப்புறம் மழை பிடித்தது. மழை விட்ட காலையில் பார்த்தால், பயிற்சி வண்டி கொல்லைச் சேற்றில் புதைந்து, கொட்டகையைப் பார்த்தபடி நிற்கிறது. முந்தின சாயங்காலம் அதை அங்கே கொண்டுபோய் விட்டவள் அவள்தான். அவரிடமே வண்டி ஓட்டப் படித்தவள்.

மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் சந்தோஷமே வந்தது. ஆசையாக வாங்கி, உபயோகிக்கச் சந்தர்ப்பமே வாய்க்காத கைவின்ச் ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு பக்கத்துக் கொக்கியை அசையாத எதிலாவது மாட்டி, மறுபக்கத்து இரும்புக் கயிற்றை வண்டியில் மாட்டி, கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். கயிறு சுருளச் சுருள வண்டி வந்துவிடும்.

அவள் காலையிலிருந்தே கொட்டகைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கேட்டதற்கு, உள்ளே ஒழுகுகிறது என்றாள். கயிறு அறுந்தால் எகிறி அடிக்கும், மேலே போடக் கனமான ஈரத்துணி வேண்டும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நனைத்த கம்பளி கைக்கு வந்தது. முன்னாலேயே நனைத்து வைத்திருந்தாள்.

"மரத்துல மாட்டுங்க. கொட்டகைக் கால்ல மட்டும் வேண்டாம். பாவம், அது தாங்காது."

அந்தப் 'பாவம்' அவரைச் சுட்டது. "என் கொட்டகையா தாங்காது?"

"அதில்லீங்க. கயிறு வண்டியை இழுக்கிற மாதிரி காலையும் இழுக்காதா?"

மாஸ்டர் பரிதாபப்பட்டார். "வின்ச் இழுக்கும், வண்டி வரும். கால் சும்மா நிக்கும். நிக்கிறதுக்குப் பேருதான் கால்."

கயிற்றுக்கு இரண்டு முனை. இந்த முனையில் எவ்வளவு இழுவையோ, அந்த முனையிலும் அவ்வளவே. இரண்டில் எது இளைத்ததோ அது வந்து சேரும். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் மாஸ்டருக்கு இது பிடிபடவில்லை.

கொட்டகைக் காலில் சங்கிலியைச் சுற்றிக் கொக்கியை மாட்டினார். அவளை வண்டிக்குள் உட்காரச் சொன்னார். "ஸ்டியரிங்கை நேராப் பிடிச்சுக்கோ. வேற எதையும் தொடாதே."

"எதையுமா?"

"எதையும்."

கொட்டகைக்கு முதுகைக் காட்டி நின்று, கைப்பிடியை ஆட்ட ஆரம்பித்தார். முதலில் கயிறு விறைத்தது. பிறகு பல்லுப் பல்லாகச் சுருண்டது. அவர் கண் அந்தச் சுருளை விட்டு நகரவில்லை. வேர்த்து வழிந்தது. நெஞ்சு நிறைந்தது.

"வருதா?"

"வருதுங்க."

"நல்லா வருதா?"

"நல்லாவே வருது. இப்ப நீங்க கொஞ்சம் வலப்பக்கமாத் தள்ளி நில்லுங்க."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை யோசிக்காமல் தள்ளி நிற்க வைத்தது. அவர் நின்றிருந்த இடத்தில் கொட்டகை மெதுவாக, மரியாதையாக வந்து படுத்தது. தகரச் சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது.

மாஸ்டர் வண்டிப் பக்கம் திரும்பினார். வண்டி விரல் அகலம்கூட நகரவில்லை. கதவைத் திறந்து பார்த்தார். கை பிரேக் முழுசாக இழுத்திருந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் அவர் சொல்லும் முதல் பாடம், வண்டியை எடுக்குமுன் அதைப் பார் என்பதுதான்.

"எதையும் தொடாதேன்னீங்களே" என்றாள் அவள்.

அவர் பலகைகளைப் புரட்டினார். டயர் இல்லை, கண்ணாடி இல்லை, சீட்டும் இல்லை. எல்லாம் துடைத்து, மாடிப்படிக்கு அடியில் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சீட்டின் மேல் தலையணை வேறு. கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

அவள் இரண்டு பலகைகளை எடுத்துச் சக்கரங்களுக்கு அடியில் செருகினாள். கயிற்றைக் கழற்றிவிட்டு, கை பிரேக்கை விடுவித்தாள். வண்டியை ஒரே மூச்சில் பின்னால் எடுத்து வெளியே விட்டாள். அவர் சொல்லிக்கொடுத்தபடியே, கண்ணாடி பார்த்து.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்தார். கொட்டகையை யார் இடித்தது என்று கேட்டார். அடுக்களை ஜன்னலில் முதன்முதலாக வெயில் விழுந்திருந்தது. அதற்கு உள்ளேயிருந்து பதில் வந்தது.

"அவரேதான், தன் கையாலேயே. நான் வேண்டாம்னுகூடச் சொன்னேன்."