போதும் சாமி

புதிதாக ஒரு வித்தை பழகியவனோடு ஒரே வீட்டில் குடியிருப்பது பெரிய கஷ்டம். கார் ஓட்டப் பழகியவனாவது வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். பறை அடிக்கப் பழகியவன் எங்கே போவான்? சோற்றுத் தட்டு, பைக் டேங்க், கதவு, தூங்குகிற மனைவியின் முதுகு (ஒரே ஒரு தடவைதான்) எல்லாமே அவன் கண்ணுக்குத் தோல் கட்டிய வாத்தியமாகத்தான் தெரியும். கல்யாணமான புதிதில் நான் அப்படித்தான் இருந்தேன்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பறை வகுப்பு. சொல்லிக்கொடுத்த ரேவதி என்னைவிட வயதில் சின்னவள். மெதுவாக, சுத்தமாக அடிக்கப் பழகிவிட்டால் வேகம் தானாக வரும் என்று வாரா வாரம் சொல்வாள். நான் வாரா வாரம் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து வேகத்தைத்தான் கூட்டுவேன்.

பயிற்சிக்குப் பட்டறையில் கிடந்த பழைய லாரி டயர் ஒன்று அகப்பட்டது. தோலில் அடித்தால் குச்சி தானே எம்பி வரும். டயரில் எம்பாது, ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டுதான் தூக்க வேண்டும். போனில் டக் டக் என்று தாளம் காட்டும் ஆப்பைப் போட்டுவிட்டு, அதை முந்தப் பார்ப்பேன். வலது கை தாங்கிவிட்டது. மெல்லிய குச்சி பிடிக்கிற இடது கைதான் சீக்கிரம் சோர்ந்து போனது. அதற்குத் தெம்பு ஏற்ற இடது கையாலேயே பல் துலக்கினேன், வாளி தூக்கினேன். ஒரு நாள் இடது கையால் சாப்பிடவும் போனேன். என் மனைவி சுகன்யா பார்த்த பார்வையில் அந்தப் பயிற்சி மட்டும் நின்றது.

இத்தனை பாடும் சும்மா இல்லை. சுகன்யாவின் ஊர் மேச்சேரிப் பக்கம். அங்கே மாரியம்மன் நோம்பி என்கிற திருவிழாவில் அவள் அம்மாவுக்கு, அதாவது என் அத்தைக்கு, வருஷா வருஷம் அருள் வரும். முந்தின நோம்பியில் அத்தை ஆடிக்கொண்டிருக்கும்போதே அடிப்பவர்கள் களைத்துப்போய், பறை நடுவில் நின்றுவிட்டது. அத்தை தடுமாறி விழுந்ததில் முழங்காலில் அடி. (அடி நின்றதால் பட்ட அடி.) அதிலிருந்து அத்தைக்கு நோம்பி என்றாலே பயம். இந்த வருஷம் கோயிலுக்கே வரவில்லை என்று சொல்லிவிட்டார். சுகன்யா அழுதாள். நான் மார்தட்டினேன். அத்தையிடமே போய், நானும் அடிக்கப் போகிறேன், என் கை இருக்கிறவரை அடி நிற்காது என்று வாக்குக் கொடுத்தேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி, வருகிறேன் என்றார்.

அந்த ஊர்ப் பறைக் குழுவின் தலைவர் செல்வராசண்ணன். சுகன்யா கேட்டதற்காக என்னை வரிசையின் கடைசியில் சேர்த்துக்கொண்டார். "நான் சொன்னா ஆரம்பிக்கோணும், சொன்னா நிறுத்தோணும் சாமி. அவ்வளவுதான்" என்றார். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் சாமி, கட்டிலில் கிடக்கும் பெரியவரும் சாமி, கோயிலில் இருப்பதும் சாமி, அருள் வந்து ஆடுகிறவரும் சாமி. பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம்தான் இது. அன்றைக்கென்று மறந்து தொலைத்தது.

நெருப்பில் பறையைக் காய்ச்சினோம். அடி மெதுவாகத் தொடங்கி ஏறியது. அத்தைக்கு அருள் வந்தது. ஆடினார், நாலு பேருக்கு வாக்குச் சொன்னார், திருநீறு போட்டார். நான் என் இடது கையையே கவனித்துக்கொண்டிருந்தேன். அது நன்றாகவே ஒத்துழைத்தது.

கொஞ்ச நேரம் கழித்து செல்வராசண்ணன், "போதும் சாமி" என்றார். அத்தைமேல் வந்திருக்கும் அம்மனைத்தான் கும்பிட்டுக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அத்தை ஆட்டத்தை நிறுத்தவில்லை. அம்மன் இறங்கவில்லை என்றால் அடி எப்படி நிற்கலாம்? நான் அடித்தேன். என் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குச்சியை இறக்கினார்கள். பாவம், டயரில் பழகாதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடியும், "போதும் சாமி, உடுங்க சாமி." இந்தத் தடவை கூட்டமே சேர்ந்து சொன்னது. சிலர் கையெடுத்துக்கூடக் கும்பிட்டார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஊரே கெஞ்சியும் இறங்காத உக்கிரத்தில் அம்மன், தன்னந்தனியாகத் தாங்கி நிற்கும் நான். வேகத்தைக் கூட்டினேன். முன்னங்கை தீயாக எரிந்தது. இடது கை விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. அத்தையின் முழங்காலை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். அத்தை முகம் சிவந்து, மூச்சு வாங்கி, என்னையே பார்த்தபடி ஆடினார். அதைக் கடாட்சம் என்று எண்ணிக் கண்ணில் நீர்கூட வந்தது.

சுகன்யா விறுவிறுவென்று வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏனுங்க, அவங்க உங்களத்தானுங்க சாமிங்கறாங்க."

அடி நின்றது. நின்ற அதே நொடியில் அத்தை இருந்த இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தார். கொடுத்த வாக்கு என்ன, இப்போது முழங்கால் என்ன ஆயிற்றோ என்று பறையும் கழுத்துமாக ஓடிப்போய் அவர் முன்னால் மண்டியிட்டேன். அத்தை ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"சாமி அப்பவே மலையேறிருச்சுங்க மாப்ள. நீங்கதான் எறங்கல. மொதமொத அடிக்கறீங்க, நடுவுல உக்காந்தா உங்களுக்குச் சங்கடமாப் போயிருமேன்னு ஆடிட்டே இருந்தனுங்க."

அடிப்பவன் மனம் நோகக்கூடாதென்று அவரும், ஆடுகிறவர் விழக்கூடாதென்று நானும், ஒருவரை ஒருவர் வதைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அம்மன் எப்போதோ கிளம்பிப் போய்விட்டாள்.

முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அத்தை காலை ஒரு தடவை மடக்கி நீட்டிப் பார்த்தார். "இத்தன நேரம் தாங்கிருக்குது. இனி இதுக்கு ஒண்ணும் ஆவாதுங்க" என்றார். சொல்லிவிட்டு அவரேதான் முதலில் சிரித்தார். அப்புறம் கோயில் வாசலே சிரித்தது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தும் எனக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை. அத்தை விழவில்லை, கால் நன்றாக இருக்கிறது, என் கையும் இன்னும் உடம்போடுதான் இருக்கிறது. அப்பாடா என்று அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயத்தைக் கேட்ட ரேவதி அடுத்த வகுப்பிலேயே எனக்கென்று தனிப் பயிற்சி ஒன்று வைத்தாள். எவ்வளவு வேகத்தில் இருந்தாலும் அவள் கை தூக்கினால் நிறுத்த வேண்டும். அதைப் பழகத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. இப்போதும் ஒவ்வொரு நோம்பிக்கும் அடிக்கிறேன், அத்தையும் பயமில்லாமல் வருகிறார். செல்வராசண்ணன் மட்டும் என்னைச் சாமி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். குழுவில் அந்த மரியாதை எனக்கு மட்டும்தான்.

வீட்டில் மிக்ஸி நெடுநேரம் ஓடினாலும், போனில் யாராவது பேச்சை முடிக்காமல் இழுத்தாலும் "போதும் சாமி" என்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாமியார் வீட்டுச் சாப்பாடுதான் சங்கடம். இலை நிறைந்து, இடுப்பில் பெல்ட்டும் இறுகி, இலைக்குமேல் கையை நீட்டி மறைத்துக்கொண்டு "போதும் அத்தை" என்பேன். அத்தை கரண்டியும் கையுமாக நின்று, கோயில் இருக்கும் திசையை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்.

"யாரச் சொல்றீங்க மாப்ள? என்னையவா, சாமியவா?"

நான் யோசித்துப் பதில் சொல்வதற்குள் இன்னொரு கரண்டி விழுந்துவிடும்.