ஒன்றாம் வகுப்பின் மொச்சைப் பாத்தி

மூன்றாவது தடவை விதைத்த மொச்சையும் முளைக்கவில்லை. ஒன்றாம் வகுப்பு டீச்சர் பாத்திக்கு முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை அதிகாரி வர்றார்" என்றார் தலைமையாசிரியை. "தோட்டம் இருந்தா உங்க வேலை நிரந்தரம். இல்லேன்னா வேற பள்ளிக்கூடம் பாத்துக்குங்க."

டீச்சரோ வருடக்கணக்கில் தற்காலிகமாகவே இருப்பவள்.

பிள்ளைகளை ஒரு குறை சொல்ல முடியாது. காலையில் வந்ததும் தண்ணீர் ஊற்றி, களை பிடுங்கிக் குப்பைக்குழியில் போட்டு, கை கழுவிக்கொண்டுதான் வகுப்புக்கு வந்தார்கள். மண்தான் சரியில்லை என்று டீச்சர் எரு வாங்கிக் கொட்டினாள். நாற்றத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள். மொச்சை அசையவில்லை.

எலியாக இருக்கும் என்று பொறி வைத்தாள். எலி மாட்டவில்லை. தலைமையாசிரியையின் கால் கட்டைவிரல் மாட்டியது.

வேறு வழியில்லாமல் வியாழக்கிழமை சாயங்காலம், பிள்ளைகள் போன பிறகு, நர்சரியிலிருந்து வளர்ந்த செடிகளாகவே வாங்கி வந்து பாத்தி நிறைய நட்டாள். திருட்டுத்தனம்தான். வேலை போனால் நேர்மையை வைத்து உலை கொதிக்குமா?

வெள்ளிக்கிழமை அதிகாரிக்குப் பூங்கொத்து வாங்கிக்கொண்டு, மணி அடிக்கிற நேரத்துக்கு வந்து பார்த்தால், பாத்தி மொட்டை.

"ராத்திரி ஆட்டை உள்ள விட்டியா?" என்று காவலாளியின் மேல் பாய்ந்தாள்.

"கேட்டைப் பூட்டிட்டு அங்கயேதான் இருந்தேன். நானா தின்னேன்?"

"எதிர்த்து வேற பேசுறியா?" விரலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்த தலைமையாசிரியை, அங்கேயே அவனை வேலையிலிருந்து நீக்கினார்.

சாவிக்கொத்தைத் தரையில் வைத்துவிட்டு அவன் போனான். டீச்சருக்கு மனசு கூசியது. ஆனாலும், யாராவது ஒருத்தர் வேலை போய்த்தான் ஆக வேண்டுமென்றால், அது தன்னுடையதாக இல்லாதவரை நல்லது என்று இருந்தது அவளுக்கு.

அதிகாரி வந்தார். வெறும் மண்ணைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் நின்ற சிறுமியிடம் குனிந்தார்.

"தோட்டத்துல என்னம்மா கத்துக்கிட்ட?"

"களை எடுக்க! நாம நடாம எது முளைச்சாலும் அது களை, உடனே புடுங்கிடணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க" என்றது அது பெருமையாக. "நாங்க வெள்ளையா கொட்டைதான் சார் நட்டோம். தினமும் பச்சையா என்னென்னமோ வருது, ஒண்ணைக்கூட விட்டு வைக்கல. இன்னிக்குக் காலையில எவ்ளோ பெருசு பெருசா இருந்துச்சு தெரியுமா!"