மோட்டார் கொட்டகைக்குப் போனவர்

நாற்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் மனைவியோடு ஒரு சண்டையிலாவது ஜெயித்தே தீருவது என்று இராஜாங்கம் முடிவெடுத்தது, கொரோனா இரண்டாம் அலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்.

காரணம் இருந்தது. விடியும்போதே உடம்பு கொதித்தது. காபித்தூள் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். ஒரு வாசமும் இல்லை. பக்கத்துத் தெரு குணசேகரனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நன்னிலத்திலிருந்து வேன் வந்து ஏற்றிப் போனது. ஒன்பதாம் நாள் பிளாஸ்டிக் சுற்றிச் சுடுகாட்டில் இறக்கினார்கள். தூக்க நாலு பேர் வரவில்லை.

பிரகதாம்பாளுக்குச் சர்க்கரை வியாதி. விஷயம் தெரிந்தால் கஷாயத்தோடு கட்டிலை விட்டு நகரமாட்டாள். அவளுக்கும் ஒட்டிக்கொள்ளும். சண்டை போட்டுக்கொண்டு வயலில் இருக்கிற மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டால் அவளாவது தப்பிப்பாள். ஆனால் மனுஷனுக்குக் கோபம் வந்தால்தானே? ரசத்தில் தொடங்கலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றார்.

அவள் முந்திக்கொண்டாள்.

"டீக்கடை டீக்கடைன்னு அலையிறீங்களே, உங்களுக்கு வீடு எதுக்கு?"

"கடையே பூட்டிக் கெடக்குடி."

"பூட்டின கடை வாசல்ல போய் நிக்கிறீங்கல்ல?"

"நேத்து ரசத்துல புளி அதிகம்," என்றார், கிடைத்த இடத்தில் செருகி.

"நேத்து நான் ரசமே வைக்கல. போங்க, மோட்டார் கொட்டகையில போய்க் கெடங்க. என் கண்ணு முன்னாடி வராதீங்க."

கேட்க நினைத்ததை அவளே கொடுத்துவிட்டாள். பாயைச் சுருட்டிக்கொண்டு, உளுந்து எடுத்த வயல் வழியே அவர் போனபோது காய்ச்சலிலும் நடையில் ஒரு மிதப்பு இருந்தது.

மத்தியானம் எதிர்வீட்டு அம்சவல்லி தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து வரப்பில் வைத்தாள்.

"அம்மா இன்னும் கோவமாத்தான் இருக்காங்க. உங்க மூஞ்சியில முழிக்க மாட்டாங்களாம்."

மறுநாளும் அம்சவல்லிதான் வந்தாள். போன் போட்டால் பிரகதாம்பாள் எடுக்கவில்லை. ஒரு பொய்ச் சண்டைக்கு இவ்வளவு ரோஷமா என்று அவருக்கு உள்ளுக்குள் வலித்தது. மூன்றாம் நாள், நாக்கில் ஒன்றும் உறைக்காவிட்டாலும், சமாதானத்துக்கு அவரே இறங்கி வந்தார்.

"கோவத்துலகூட அவ கைப்பக்குவம் மாறலன்னு சொல்லு. சாம்பார் அதே ருசி."

அம்சவல்லி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, காலித் தூக்குவாளியோடு வேகமாகத் திரும்பி நடந்தாள்.

அடுத்த நாள் சாயங்காலம் சுகாதார நர்ஸ் வந்து அவர் விரலில் கருவியை மாட்டினாள்.

"யாரும்மா உன்னை அனுப்பினது?"

"உங்க வீட்டம்மாதான். இத்தனை நாளும் சமைச்சது அம்சவல்லியாம். கை மாறினதுகூடத் தெரியாம சாப்பிடுறாருன்னா அவருக்கும் வந்துடுச்சு, போய்ப் பாருன்னு சொன்னாங்க."

"அவருக்கும்னா?"

நர்ஸ் தயங்கினாள். "அம்மாவுக்குத் திங்கக்கிழமையே காய்ச்சல்ங்க. உங்களைத் தள்ளி வைக்கத்தான் சண்டை போட்டிருக்காங்க. மத்தியானம் மூச்சு வாங்குச்சு, திருவாரூருக்கு அனுப்பிட்டோம். ஆம்புலன்ஸ்ல ஏறும்போதும் உங்களைத்தான் பாக்கச் சொன்னாங்க."

இராஜாங்கத்துக்கு எட்டு நாளில் காய்ச்சல் விட்டது. பிரகதாம்பாள் வீடு திரும்பவில்லை. சிங்கப்பூரில் இருந்த மகன் போனில் அழுதான். சுடுகாட்டில் இவரைப் பத்தடி தள்ளி நிற்க வைத்தார்கள். முகத்தைத் திறந்து காட்டவில்லை.

அவள் கடைசியாகப் பேசியது சாவதற்கு இரண்டு நாள் முந்தி, ஆஸ்பத்திரி நர்ஸின் போனில். மாத்திரை போட்டீங்களா என்றாள். கொட்டகையில் பாம்பு வரும், கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள் என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு இழுத்தது. இப்போது சொல்லாவிட்டால் சொல்லவே முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

"பிரகதா, அன்னைக்கு நான் போட்டது பொய்ச் சண்டைடி. உனக்கு ஒட்டிடக் கூடாதுன்னுதான்."

அந்தப் பக்கம் ஒரு சத்தம். சிரிக்கிறாளா, இருமுகிறாளா தெரியவில்லை.

"தெரியுமே," என்றாள். "நெஜச் சண்டை போட உங்களுக்கு எப்ப வந்திருக்கு?"