இடது கை மடிப்பு

அந்த வருஷம் முதல் பனி விழுந்த அன்று ஒரு பெரிய தீர்மானம் எடுத்தேன். உயிரே போனாலும் என் மகளை வாத்து பிடிக்கக் கூட்டிக்கொண்டு போவதில்லை. தீர்மானம் எடுத்தது காலையில். மதியச் சாப்பாட்டுக்குள் அது செத்துவிட்டது.

"ஏங்க, இந்தத் தடவை மிசாவோவையும் மேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் கினுயே, என் மனைவி.

"பொம்பளப் புள்ளையையா?"

"ஏன், மேடு தாங்காதா?"

"குளிரும்டி."

"ரெண்டு சட்டை போட்டு விடறேன்."

"அங்க வாயே திறக்கக் கூடாது. ஒரு தும்மல் போட்டாப் போதும், வாத்து எல்லாம் திரும்பிப் போயிடும்."

"நீங்களே வாயை மூடிட்டு நிக்கிறீங்க. அவளால முடியாதா? அவ பாட்டுக்கு ஒரு ஓரமா நிப்பா. தொந்தரவு பண்ண மாட்டா."

அவள் கிண்டலிலும் நியாயம் இருந்தது. நான் ஊரில் முடி வெட்டுகிறவன். என் கத்தரியை விட வாய் வேகமாக ஓடும் என்று ஊரே சொல்லும்.

எங்கள் ஏரியில் குளிர்காலம் முழுக்கக் காட்டு வாத்துகள் வந்து தங்கும். பகலில் தூங்கிவிட்டு, இருட்டத் தொடங்கியதும் வயலில் நெல் பொறுக்கக் கிளம்பும். ஏரியை ஒட்டிய மேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். நாங்கள் மேட்டின் மேல் நின்று, கவட்டை போன்ற மூங்கில் சட்டத்தில் கட்டிய வலையை அவை வரும் வழியில் நேர் மேலே வீசி எறிவோம். வேகமாக வருகிற வாத்து வலையில் மோதும், வலை சுருங்கிப் பையாகும், இரண்டும் சேர்ந்து புதரில் விழும். துப்பாக்கி என்ற பேச்சே கிடையாது. வலை வாத்தில்தான் ரத்தம் கட்டாது, பல்லில் ஈயக் குண்டும் கடிபடாது.

மற்றவர்கள் வலையில் விழும் என்று சொல்ல வேண்டும். என் வலையில் அதுவரை ஒரு இறகு கூட விழுந்ததில்லை.

இது வீட்டில் தெரியாது. தெரியவும் கூடாது. கினுயேயின் அப்பா அந்த மேட்டிலேயே பெரிய வலைக்காரர். சின்ன வயதில் அவர் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவள் அவள். அப்படிப்பட்டவர் மருமகன் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தொமேசோ நன்றாக வலை வீசுவான். கினுயே போடும் முள்ளங்கி ஊறுகாய் என்றால் அவனுக்கு உயிர். நான் சமையலறையிலிருந்து ஒரு ஜாடி ஊறுகாயை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு போவேன். திரும்பும் வழியில் ஜாடி அவன் கைக்குப் போகும், வாத்து என் கைக்கு வரும். பல வருஷமாக நான் பெரிய வேட்டைக்காரன். சலூனில் வந்து உட்கார்கிறவன் தலையைக் குனிய வைத்துக்கொண்டு, வாத்தை எப்படிக் குறி பார்ப்பது என்று பாடமே நடத்துவேன்.

மகளை வைத்துக்கொண்டு வாத்தை எப்படிக் கைமாற்றுவது? அதுதான் என் கவலை.

சாயங்காலம் கிளம்பினோம். மிசாவோவுக்குப் பதினோரு வயது. தலையில் கம்பளித் துணி, கன்னம் இரண்டும் சிவந்து, என்னுடைய உபரி வலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பனியில் சரக் சரக்கென்று நடந்து வந்தாள். அந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு இளகிவிடும். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது.

மேட்டின் அடியில் வலைக்காரர்களின் குடிசை. கரி அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருக்கும். ஈரக் கம்பளி, புகையிலை, சுட்ட அரிசி அப்பம் எல்லாம் கலந்த ஒரு வாசனை. யார் எந்த இடத்தில் நிற்பது என்று அங்கேதான் மூங்கில் குழலிலிருந்து குச்சி உருவுவோம். கடைக்கோடி இடம் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அங்கே வாத்து வராது. இடம் சரியில்லை என்று சொல்லித் தப்பித்துவிடலாம்.

"புதுசா வந்திருக்கே, குழந்தை எடுக்கட்டும்" என்றார்கள்.

மிசாவோ எடுத்தாள். ஒற்றைப் பைன் மரத்தடி. மேட்டிலேயே முதல் இடம்.

"யசாகு அண்ணே, இன்னைக்கு உங்க காட்டுல மழைதான்!" என்றான் தொமேசோ. நான் சிரித்தேன். அப்படிச் சிரிப்பதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மேலே போய் நின்றோம். சூரியன் தூரத்தில் தெரிந்த கடலுக்குள் போனது. பேச்சு நின்றது. ஏரிப் பக்கம் ஒரு சலசலப்பு. அப்புறம் அந்தச் சத்தம். நூறு விசிறிகளை ஒரே சமயத்தில் விசிறினால் வருமே, அது. எத்தனை வருஷம் கேட்டாலும் முதுகுத்தண்டு சிலிர்க்கும். வாத்து பிடிக்கத் தெரியாதவன் ஏன் வருஷா வருஷம் மேட்டுக்குப் போனான் என்று கேட்டால், இந்தச் சத்தத்துக்காகத்தான்.

எறிந்தேன். என் வலை ஒய்யாரமாக மேலே போய் பைன் மரக் கிளையில் உட்கார்ந்துகொண்டது.

மகள் முன்னால் மானம் போகிறதே என்று மரத்தில் ஏறினேன். பாதி மரம் ஏறியிருப்பேன். என் காதை உரசிக்கொண்டு ஏதோ ஒன்று விர்ரென்று மேலே போனது. உபரி வலை! மேலே 'பொத்' என்று ஒரு சத்தம். வலையும் வாத்தும் சேர்ந்து என் மூக்குக்கு முன்னால் கீழே போயின.

இறங்கி வருவதற்குள் மிசாவோ புதரில் இறங்கி, வாத்தை எடுத்து, கச்சிதமாக இறக்கையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெருமையில் பாதி, பொறாமையில் பாதி.

"எங்கடி கத்துக்கிட்ட?"

"நம்ம வீட்டு பேரிக்கா மரத்துல, அப்பா. துணி காயப் போடற கம்பை வச்சு."

பேரிக்காய் பறிக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

திரும்பும் வழியில் தொமேசோ எங்களுக்காக நின்றுகொண்டிருந்தான். கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். அவனுக்குப் புரியவில்லை.

"அண்ணே, இன்னைக்கு வாத்து..."

"வேண்டாம்! நம்மகிட்டயே இருக்கு."

"அப்ப ஊறுகா?"

ஜாடியை அவன் கையில் திணித்து ஓட்டிவிட்டேன். அப்புறம் மகளிடம் குழைந்தேன். "மிசாவோ கண்ணு, இதை அப்பா பிடிச்சதா அம்மாகிட்ட சொல்லுவோமா? இனிப்பு பன் வாங்கித் தரேன்."

"எத்தனை?"

"வயிறு நிறையற வரைக்கும்."

"சரிப்பா." அவள் அம்மா போலத்தான், பேரத்தில் முகம் மாறவே மாறாது.

கினுயே வாசலில் நின்று வாத்தை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். இறக்கையை ஒரு விரலால் தடவினாள்.

"யார் பிடிச்சது?"

"நான்தான்" என்றேன்.

"அப்பாதான்" என்றாள் மிசாவோ, வாய் நிறைய பன்னோடு.

"அப்படியா!" கினுயே மடிப்பை மெதுவாகப் பிரித்தாள். இரண்டு இறக்கையும் விரிந்து தொங்கின. வாத்தை என்னிடம் நீட்டினாள். "இதே மாதிரி திரும்ப மடிச்சுக் காட்டுங்க."

வாங்கினேன். இடது இறக்கையை வலது மேல் போட்டேன். வலதை இடது மேல் போட்டேன். கழுத்தைச் சுற்றிப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் அது காற்று புரட்டிப்போட்ட குடை போல ஆனது.

"இத்தனை வருஷமா நீங்க கொண்டு வந்த வாத்து எல்லாமே இடது இறக்கை மேலே இருக்கும். இடது கைக்காரங்க மடிப்பு அது. இந்த ஊர்ல இடது கைக்காரர் தொமேசோ அண்ணன் ஒருத்தர்தான். ஆனா இன்னைக்கு வந்திருக்கிறது எங்கப்பா மடிப்பு. நுனியை உள்ளே சொருகறது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போ இவளுக்கும் தெரியும்."

எனக்கு வியர்த்தது. பனிக்காலத்தில்.

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் சும்மா இருந்த?"

"கல்யாணமாகி முதல் வருஷம் வெறுங்கையோட வந்து, சாப்பிடாம சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டீங்க. எனக்குத் தாங்கல. நான்தான் தொமேசோ அண்ணன்கிட்ட போய், அவருக்கு ஒரு வாத்து குடுங்க, ஊறுகா நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். ஜாடியை உங்க கைக்கு எட்டற பலகையில வச்சது யாருன்னு நினைச்சீங்க?"

தொமேசோவிடம் நானே பேசி முடித்த ஏற்பாடு என்றல்லவா நினைத்திருந்தேன்! அவள் என் முகத்தைப் பார்க்காமல் வாத்தை மணக்க மணக்கக் குழம்பு வைத்தாள். அப்படி ஒரு ருசியை அதற்கப்புறம் நான் சாப்பிட்டதில்லை. மூன்று பேரும் கணப்பு மேசை மேல் விரித்த போர்வைக்குள் காலை நீட்டி, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டோம். மேட்டில் நிற்கிற மாதிரி.

கடைசிக் கிண்ணம் குழம்பை ஊற்றிக்கொண்டே கினுயே மகளைப் பார்த்துச் சொன்னாள்:

"மிசாவோ, நாளைக்கு அப்பாவையும் கூட்டிட்டுப் போடி. அவர் பாட்டுக்கு ஒரு ஓரமா நிப்பார். தொந்தரவு பண்ண மாட்டார்."