சகலையின் ஷாக் அப்சார்பர்

ஓடுகிற வண்டியில் ஒரு நட்டைக்கூட மாற்றமாட்டேன். உடைந்தால் மாற்றுவேன். முதலில் உடையட்டும்.

இந்தக் கொள்கையை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. படித்தவனாக இருந்திருந்தால் இந்நேரம் மாதச் சம்பளத்துக்குக் கைகட்டி நின்றிருப்பேன். இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல், கம்பி, கழிப்பறைத் தொட்டி வரைக்கும் வாங்கி விற்கிறவன் நான். தலைச்சுமையில் தொடங்கிய வியாபாரம். இன்றைக்கு ஒரு கிடங்கு, ஒரு லோடு வண்டி, வீட்டுக்கு ஒரு எஸ்யூவி. எந்தக் கடையிலும் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. பேரம் பேசாமல் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது என் மனைவியிடம் மட்டும்தான்.

எஸ்யூவியை ஓட்டுவது அவள். நான் கிடங்குக்கு லோடு வண்டியில் போய்விடுவேன். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, காய்கறி, கடைகண்ணி எல்லாம் அவளும் அந்த வண்டியும்தான். வாங்கிய புதிதில் வண்டி வந்தால் தெரு திரும்பிப் பார்த்தது. இப்போது வருவதற்கு முன்பே திரும்பிப் பார்க்கிறது. சத்தம் அப்படி.

"ஏங்க, பிரேக் சரியாப் பிடிக்க மாட்டேங்குது."

"மெதுவாப் போ. பிடிக்கவேண்டிய தேவையே வராது."

"பள்ளிக்கூடச் சரிவுல இறங்குறப்ப பெடல் அப்படியே உள்ளே போயிடுச்சு. மூணு தடவை மிதிச்சப்புறம்தான் நின்னுச்சு. பின்னாடி பசங்க உட்கார்ந்திருந்தாங்க."

"நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சு."

"அப்புறம் என்ன? இனிமே எடுத்த எடுப்பிலேயே மூணு மிதி மிதி."

"பள்ளத்துல விட்டா டங்குங்குது. திருப்பினா கொர்ருங்குது."

"வண்டி பேசுதுடி. பேசுற வரைக்கும் உயிரோட இருக்குன்னு அர்த்தம்."

"பேசலைங்க. அழுவுது."

"சரி, மாத்தணும்னே வச்சுக்க. எங்கே மாத்துவே? கம்பெனி சர்வீஸ்ல விட்டா குளுகுளு அறையில உட்காரவச்சு காபி குடுப்பான். அந்தக் காபிக்கும் சேர்த்துத்தான் பில்லு. தெருமுனை மெக்கானிக்கிட்ட விட்டா, இருக்கிற நல்ல பார்ட்டைக் கழட்டிக்கிட்டு, எவன் வண்டியிலயோ கழட்டினதைத் துடைச்சுப் போட்டுடுவான். தெரிஞ்சவன்கிட்ட விட்டா இன்னும் மோசம். தெரிஞ்சவன்னு கூசாம ஏமாத்துவான்."

"அப்போ யாருகிட்டதான் விடுறது?"

"அதான் சொல்றேன். விடாதே. தாங்கும்."

அன்றோடு அவள் வண்டிப் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு வார்த்தை இல்லை. டங் என்றது, கொர் என்றது, எதுவும் என் காதுக்கு வரவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சண்டை போடுகிற மனைவியை நம்பலாம். சண்டையை நிறுத்திய மனைவியை நம்பவே கூடாது. வியாபாரத்திலும் இதே கதைதான். பேரத்தின் நடுவில் எதிராளி திடீரென்று அமைதியானால், நம் சட்டைப்பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டான் என்று பொருள்.

அவள் கைபேசியில் பேசும்போது, தாழ்ப்பாளைச் சரிபார்க்கிற சாக்கில் கதவோரம் நின்றேன். "சரிக்கா... சரிக்கா..." என்றுகொண்டிருந்தாள். சரி என்ற சொல்லை என்னிடம் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

"யாரு?"

"அக்கா."

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு இத்தனை சரி?"

"உங்ககிட்ட சொன்னா கத்துவீங்க."

"நான் எப்பக் கத்தினேன்?" என்று கத்தினேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். "அத்தான் வண்டியில தேய்ஞ்ச பார்ட்ஸ் எல்லாம் மாத்தணுமாம். ஒர்க்‌ஷாப்காரன் சொல்ற விலையைக் கேட்டு அக்காவுக்குத் தலை சுத்துதாம். அத்தானுக்குப் பேசத் தெரியாது. 'உன் தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு தடவை வந்து பேசினா பாதியா முடிச்சுடுவார்'னு அவரே சொன்னாராம்."

"யாரு? அவனா? என்னையா?"

இங்கே என் சகலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் அக்கா புருஷன். நானும் அவனும் ஒரே நாளில், ஒரே ஷோரூமில், ஒரே நிறத்தில் இந்த எஸ்யூவியை வாங்கினோம். காலையிலிருந்து நான் தொண்டை வறளப் பேசி, மூன்று முறை கோபித்துக்கொண்டு வெளியே போய், விலையை இறக்கினேன். அதுவரை நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த சகலை எழுந்து வந்து, "எனக்கும் அதே" என்றான். இரண்டே வார்த்தை. கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவனிடம் பேச்சை நிறுத்தியவன்தான். அவன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

அவன் இப்போது என்னைத் தேடுகிறான். நெஞ்சில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. உடனே சந்தேகமும் வந்தது. இவனா இறங்கி வருவான்? ஏதோ குழி தோண்டுகிறான்.

"நேர்ல கேட்க வெட்கமாம். நீங்க போன் கீன் பண்ணிடாதீங்க, கூனிக் குறுகிப் போயிடுவார்" என்றாள்.

"நான் எதுக்குப் பண்றேன்? குறுகட்டும்."

ஒர்க்‌ஷாப்புக்கு என் லோடு வண்டியில் போனோம். அவள்தான் வழிகாட்டினாள். உள்ளே கால் வைக்க இடமில்லாமல் வண்டிகள். சகலையின் எஸ்யூவி சுவரில் மூக்கை இடித்துக்கொண்டு, பின்கதவைத் தூக்கிக்கொண்டு, ஆய்வுக் குழியின் மேல் நின்றது. சீட்டுக்கெல்லாம் பிளாஸ்டிக் போர்த்தியிருந்தார்கள். எங்கள் வண்டி மாதிரியே இருந்தாலும் முகத்தில் தரித்திரம் தெரிந்தது. உரிமையாளர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தார். அதிகம் பேசவில்லை. அதிகம் பேசாத மெக்கானிக் அபாயமானவன்.

"அண்ணே, குழிக்குள்ள இறங்கிப் பாருங்க."

இறங்கினேன். ஒரு எஸ்யூவியின் அடிவயிற்றை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். பார்க்கக் கூடாத காட்சி.

"இதென்னய்யா எண்ணெய் வழியுது?"

"ஷாக் அப்சார்பர். செத்து ரொம்ப நாளாச்சு."

"இது?"

"புஷ். ரப்பர் வெடிச்சுப் போச்சு. அதான் பள்ளத்துல டங்குனு அடிக்கும்."

பிரேக் பேடைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். சட்டைப் பொத்தான் கனம்கூட இல்லை.

"இதை வச்சுக்கிட்டா குடும்பத்தை ஏத்திட்டுப் போனான்?"

"தினமும்ணே."

"மனுஷனா அவன்?"

அவர் மேலே பார்த்தார். குழியின் விளிம்பில் என் மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். தோள் குலுங்கியது. பாவம், அக்காவின் நிலையை நினைத்து அழுகிறாள் போலிருக்கிறது.

"அழாதே. நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

மேலே வந்து மேசைமுன் உட்கார்ந்தேன். அவர் ஒரு பிரேக் பேடை எடுத்து வைத்தார். "அண்ணே, இது கொஞ்சம் மலிவு. அந்த வண்டிக்கு இதுவே போதும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "போதும்னு சொல்ல நீ யாரு? பச்சைப் பிள்ளைங்க போற வண்டிய்யா. ஒரிஜினல் போடு."

"டிஸ்க் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்."

"தேஞ்ச டிஸ்க்ல புதுப் பேடைப் போட்டா அதுவும் தேயும். அதையும் மாத்து."

"டைமிங் பெல்ட் தாங்கும்ணே."

"தாங்கும்னு எழுதித் தருவியா? நடுவழியில அறுந்தா இன்ஜினுக்கு நீ பொறுப்பா? தாங்கும் தாங்கும்னு சொல்றவன்தான்யா குடும்பத்தைக் கொல்றவன். கையோட கழட்டிப் போடு. கூலி ஒரே கூலிதானே."

சகலையின் பணம். எனக்கென்ன வலி? எல்லாப் பார்ட்டும் புதுசு, எல்லாம் ஒரிஜினல், நீல டப்பாவில் வந்த அந்த உயர்ந்த ரக ஷாக் அப்சார்பர் உட்பட. சேர்த்துவிட்டு அதற்கப்புறம் பேரத்தில் இறங்கினேன். இரண்டு முறை எழுந்து போனேன். ஒருமுறை செருப்பையே மாட்டிவிட்டேன். கண்ணாடிக்காரர் வியர்த்துப் போய், கடைசியில் கும்பிட்டார். இந்த விலையைப் பார்த்தால் சகலை என் காலில் விழவேண்டும்.

"ரொக்கமா இப்பவே வைக்கிறேன். இன்னும் இறக்கு" என்று பர்ஸை எடுத்தேன்.

"நீங்க எதுக்குங்க குடுக்கறீங்க? அத்தான் வந்து குடுத்துடுவாரு" என்று மனைவி தடுத்தாள்.

தடுத்ததும் எனக்குப் பிடிவாதம் வந்தது. அவன் வந்து கொடுத்தால் அவன் வாங்கிய விலை ஆகிவிடும். "என் கைக்காசு அவன் கழுத்துல கடனாக் கிடக்கணும். நான் போய் வசூல் பண்ணிக்கறேன்." அலைந்த கூலியையும் மேலே போட்டுத்தான் வாங்குவேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

"உங்க இஷ்டம்" என்றாள். அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்தாள். நான் கவனித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் எங்கள் வண்டி இல்லை.

"நம்ம வண்டி எங்கேடி?"

"அக்கா வீட்டுல விட்டிருக்கேன். அவங்க வண்டி ஒர்க்‌ஷாப்புல நிக்குதுல்ல. பாவம், என்ன பண்ணுவாங்க?"

"அவன் ஓட்டுறானா? என் பிரேக்கைத் தேய்க்கிறானா?"

"தேய்க்கிறதுக்கு அதுல என்னங்க இருக்கு?"

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. மறுநாள் மாலை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கழுவித் துடைத்திருந்தது. கீறல் இருக்கிறதா என்று சுற்றிச்சுற்றிப் பார்த்தேன். இல்லை. கழுவிக் கொடுக்கிறான் என்றால் எதையோ மறைக்கிறான். சரி, வசூலுக்குப் போகிற சாக்கில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று சாவியை வாங்கினேன்.

வண்டி பூனை மாதிரி போனது. டங் இல்லை. கொர் இல்லை. அந்த நிசப்தமே எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடச் சரிவில் இறங்கும்போது சந்துக்குள்ளிருந்து ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாகவே வெளியே வந்தது. மூன்று மிதிக்குத் தயாராக ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். முதல் மிதியிலேயே வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. நான் நிற்கவில்லை. ஸ்டீயரிங்கில் நெஞ்சு மோதியது.

லாரி ஒரு சாண் தள்ளி உறுமியது. பழைய பிரேக் என்றால் இந்நேரம் லாரிக்கு அடியில் இருந்திருப்பேன். இதே சரிவில்தான் என் பிள்ளைகள் தினமும் இறங்குகிறார்கள்.

ஓரமாக நிறுத்திவிட்டு, குனிந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். நீல நிறத்தில் பளபளவென்று ஷாக் அப்சார்பர். நான் தேர்ந்தெடுத்த அதே ரகம்.

அடுத்த நொடி எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சகலை என் வண்டியை எடுத்துக்கொண்டு, தன் வண்டி தயாரா என்று பார்க்கப் போயிருக்கிறான். ஒரே நிறம், ஒரே மாடல். கண்ணாடியை நெற்றியில் போட்டுக்கொண்டு திரிகிற அந்த மனுஷன் வண்டி மாற்றி மாட்டிவிட்டான். பார்ட்ஸ் என் வண்டியில். பணம் சகலை தரவேண்டியது. 

கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். விஷயம் தெரிவதற்குள் வசூலை முடித்துவிட வேண்டும்.

சகலை வீட்டு வாசலில் யாரோ விருந்தாளியின் குட்டிக் கார் நின்றது. கதவைத் திறந்த சகலைக்கு ஒரே ஆச்சரியம்.

"வாங்க வாங்க. இத்தனை வருஷத்துல இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"வழி எப்பவும் தெரியும். பணம்தான் தெரியலை. உங்க வண்டிக்குப் போட்ட பார்ட்ஸ் பணம்."

"என் வண்டிக்கா?"

"எஸ்யூவிக்கு."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "எஸ்யூவியை வித்து ஒரு வருஷம் ஆகுதே. இதோ, வாசல்ல நிக்குதே குட்டி, இதுதான் இப்ப நம்ம வண்டி. உங்க வீட்டுல சொல்லலையா?"

நான் குட்டியைப் பார்த்தேன். சகலையைப் பார்த்தேன். என் எஸ்யூவியைப் பார்த்தேன். கழுவித் துடைத்து, புத்தம்புது பிரேக்கோடு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றது.

"சொன்னா, சொன்னா. நான்தான் மறந்துட்டேன்" என்றேன்.

"காபி சாப்பிட்டுப் போகலாமே."

"வேணாம். காபிக்கும் சேர்த்து வாங்கிட்டேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். வீட்டுக்குப் போய்க் கத்தினால் என்ன ஆகும்? குழிக்குள் நின்று நான் யாரைத் திட்டினேன் என்பது வெளியே வரும். செருப்பு மாட்டிக்கொண்டு பேரம் பேசியது யாருக்காக என்பதும் வரும். ஊரே சிரிக்கும். கிடங்கில் கதவு வாங்க வருகிறவன்கூட என்னிடம் விலை சொல்லத் துணிவான். அதைவிட, ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்துவிடலாம். பணம் வந்துவிட்டது என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டால், அவள்தான் குழம்ப வேண்டும். குழம்பட்டும்.

தோளை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன். அவள் பிள்ளைகளின் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அத்தான் குடுத்தாரா?"

"குடுக்காம? என்கிட்டயா? முழுசா எண்ணி வச்சான். அலைஞ்ச கூலியும் சேர்த்து."

அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மடித்த சட்டையை அலமாரியில் வைத்துவிட்டு என்னிடம் கையை நீட்டினாள்.

"நல்லதாப் போச்சு. அதை இப்படிக் குடுங்க, நாலு டயரும்தான் பாக்கி."